மூன்று இன்ச் எதற்கு?

இந்த ஆண்டு தைப்பூசத்திற்குத் தம்பியின் காரில்தான் கோலாலம்பூரிலிருந்து பினாங்கு தண்ணீர்மலைக்குப் போனோம். தாப்பா ஓய்வுப் பகுதியில் நிறுத்தியதும் அம்மா இறங்கி, நெற்றியில் தைலம் தேய்த்துக்கொண்டே கேட்டார்: "இந்தக் காருக்கு என்னடா ஆச்சு?"

ஆனது இதுதான். இரண்டு மாதங்களுக்கு முன் தம்பி தன் 1.5 லிட்டர் டர்போ காருக்கு 3 இன்ச் எக்ஸாஸ்ட் குழாய் போட்டிருந்தான். மணிக்கு 110 கிலோமீட்டரைத் தொட்டால் காருக்குள் 'கும்ம்ம்' என்று ஓர் ஓசை காதை அடைக்கும். வேகத்தைக் குறைத்தால் அடங்கிவிடும். ஆனால், நெடுஞ்சாலையில் பெரும்பாலும் ஓட்டுவதே அந்த வேகத்தில்தான். ஒரு மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல் போயிருந்தது. கார் முன்பைவிட வேகமாக இழுக்கிறதா என்று கேட்டால், அவனிடம் தெளிவான பதில் இல்லை.

ஊர் திரும்பியதும், பல ஆண்டுகளாக எங்கள் வீட்டுக் கார்களைப் பார்த்துவரும் மெக்கானிக்கிடம் போனோம். அவர் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "உன் காருக்கு எத்தனை குதிரைத்திறன் தம்பி?"

"175 இருக்கும் அண்ணே."

"அதுக்கு எதுக்குப்பா மூணு இன்ச்? கூட்டாளி போட்டான்னு நீயும் போட்டியா?"

தம்பி வாய் திறக்கவில்லை.

டர்போவின் கணக்கு வேறு

'எஞ்சினுக்குக் கொஞ்சம் பின்னழுத்தம் வேண்டும்' என்று பலர் சொல்வார்கள். டர்போ இல்லாத கார்களிலிருந்து வந்த பேச்சு அது. அவற்றில் குழாய் அளவுக்கு மீறி அகலமானால் புகையின் வேகம் குறையும்; குறைந்த சுழற்சியில் இழுவை தளரும். வேண்டியது புகையின் வேகம்தான், அழுத்தம் அல்ல.

டர்போவில், வெளியேறும் சூடான புகைதான் டர்பைன் சக்கரத்தைச் சுழற்றுகிறது. சக்கரத்திற்கு முன்னால் அழுத்தம் அதிகமாகவும் பின்னால் குறைவாகவும் இருந்தால் அது விரைவாகச் சுழலும். ஆகவே, டர்போவிற்குப் பின்னால் வரும் குழாயில் தடை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

அப்படியென்றால் பெரிய குழாய்தானே சரி? ஓர் எல்லை வரைதான். புகை தடையின்றிப் போகத் தொடங்கிய பிறகு, கூடுதல் அகலத்தால் திறன் கூடாது. எடையும் இரைச்சலும்தான் கூடும். குழாய் தாழ்வாகத் தொங்கினால் தாமான் வேகத்தடைகளில் உரசும்.

எந்தக் காருக்கு எவ்வளவு?

ஒற்றைக் குழாய்க்குப் பட்டறைகளில் புழங்கும் தோராயக் கணக்கு இது: 2 இன்ச் என்றால் சுமார் 145 குதிரைத்திறன் வரை, 2.25 இன்ச் 185 வரை, 2.5 இன்ச் 230 வரை. 3 இன்ச் 340 வரை. டர்போ கார் என்றால் ஓர் அளவு கூட்டிக்கொள்ளலாம்.

2.5 இன்ச்சுக்கும் 3 இன்ச்சுக்கும் அரை இன்ச்தானே வித்தியாசம் என்று நினைக்க வேண்டாம். குழாயின் உட்பரப்பு ஏறக்குறைய 44 விழுக்காடு கூடிவிடுகிறது. தம்பியின் காருக்கு 2.5 இன்ச்சே தாராளம். 98 குதிரைத்திறன் கொண்ட பெரோடுவா அத்திவா போன்ற 1.0 லிட்டர் டர்போவுக்கு அதுகூடத் தேவையில்லை.

காசை எங்கே போடுவது?

டர்போவை ஒட்டியுள்ள டவுன்பைப்பில்தான் புகை மிகச் சூடாக இருக்கும். சூடான வாயு அதிக இடம் கேட்கும். பின்னால் போகப் போகக் குளிர்ந்து சுருங்கும். எனவே, மாற்றம் தேவையென்றால் முதலில் பார்க்க வேண்டியது முன்பகுதியைத்தான். வெளியே பளபளவென்று தெரியும் பின்முனையை அல்ல.

வளைவுகளையும் கவனியுங்கள். சாதாரண இயந்திரத்தில் வளைத்தால் குழாய் அங்கே நசுங்கி, 2.5 இன்ச் என்று காசு கொடுத்தது வளைவில் குறுகிவிடும். மேண்ட்ரல் முறையில் வளைத்தால் உள்விட்டம் பெரிதாக மாறாது.

மாற்றுவதற்கு முன் அளந்து பார்ப்பது இன்னும் நல்லது. டர்போவுக்குப் பின்னால் ஆக்சிஜன் சென்சார் இருக்கும் துளையில் அழுத்தமானியைப் பொருத்தி, முழு விசையில் சோதிப்பார்கள். 2 பி.எஸ்.ஐ.க்குள் இருந்தால் குழாயை மாற்றிப் பெரிய பயன் இல்லை.

கவனம் தேவை

தடை திடீரெனக் குறைந்தால், வேஸ்ட்கேட் சிறியதாக இருக்கும் சில கார்களில் டர்போ அழுத்தம் கட்டுப்பாட்டை மீறி ஏறி எஞ்சினைப் பாதிக்கலாம். டவுன்பைப்பை மாற்றினால் ஈ.சி.யூ. டியூனிங்கையும் சேர்த்தே திட்டமிடுங்கள். அதிகத் திறனுக்கு ஆசைப்பட்டுக் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றிவிடாதீர்கள். நச்சுப் புகையைக் குறைப்பது அதுதான். 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டமும், அதே ஆண்டின் வாகன இரைச்சல் விதிமுறைகளும் நம் நாட்டில் நடப்பில் உள்ளன. சம்மன் வந்தால் குழாய்க்குக் கொடுத்த காசோடு அதுவும் சேரும். புதிய கார் என்றால், உத்தரவாதம் பாதிக்கப்படுமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தம்பி 2.5 இன்ச் குழாய்க்கு மாறினான். கூடவே ஒரு ரெசனேட்டரும் போட்டான். இழுவையில் ஒரு குறையும் தெரியவில்லை என்கிறான். அண்மையில் பட்டர்வொர்த்தில் உள்ள அத்தை வீட்டுக்கு அதே காரில் போனோம். தாப்பாவில் நிறுத்தவே இல்லை. அம்மா சுங்கை சிப்புட் வரை நன்றாகத் தூங்கிக்கொண்டு வந்தார்.