இன்டர்கூலர் பக்கம் ஆயில் கசியுதா? டர்போவை மாற்றும் முன் இதைப் பாருங்க!

செஞ்சி, வல்லம் வட்டாரத்தில் இருந்து திண்டிவனம், திருவண்ணாமலை என்று ஓடும் பழைய டீசல் கார்களுக்கு இன்னும் குறைவில்லை. லட்சம் கிலோமீட்டர் தாண்டிய வண்டியில் இன்டர்கூலரைச் சுற்றி ஆயில் பிசுக்கு தெரிந்தால், "டர்போ போச்சு" என்ற பேச்சுதான் முதலில் வரும். செலவு பல ஆயிரம். ஆனால் கோளாறு ஒரு ஹோஸ் கிளிப்பிலேயே இருக்கலாம்.

இன்டர்கூலருக்குள் ஆயில் எப்படி வருது?

டர்போ அழுத்தி அனுப்பும் சூடான காற்றைக் குளிர்விப்பதுதான் இன்டர்கூலரின் வேலை. அதற்குள் ஆயிலுக்கு வேலையே இல்லை. ஆனால் என்ஜினுக்குள் உருவாகும் ஆவியை பிரீதர் குழாய் மீண்டும் காற்றுப் பாதையில் விடுகிறது. அதோடு வரும் ஆயில் துளிகள் குழாய்களில் லேசாகப் படியும். இது சகஜம்தான். ஹோஸ் தளர்ந்தாலோ, வெடிப்பு விட்டாலோ அந்தப் பிசுக்கு வெளியே தெரியும். கூடவே பிக்கப் குறையும், 'உஸ்ஸ்' என்று சத்தம் வரும்.

எப்படி கண்டுபிடிப்பது?

முதலில் அந்த இடத்தைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். எந்த இணைப்பில் முதலில் ஈரம் தெரிகிறதோ அதுதான் கசிவு. பழைய பிசுக்கை வைத்து முடிவு செய்வதில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

அடுத்து, என்ஜின் ஆறிய பிறகு டர்போவுக்கு முன்னால் உள்ள குழாயைக் கழற்ற வேண்டும். அங்கேயே ஆயில் நனைந்திருந்தால் சந்தேகம் பிரீதர் மேல். அளவுக்கு மேல் ஊற்றிய ஆயில், தேய்ந்த பிஸ்டன் ரிங் இரண்டும் இதற்குக் காரணமாகலாம். முன்னால் காய்ந்தும், டர்போவைத் தாண்டிய குழாயில் ஆயில் தேங்கியும் இருந்தால் டர்போ சீல் மேல் சந்தேகப்படலாம். விசிறியைக் கையால் அசைத்துப் பாருங்க. பக்கவாட்டில் துளி ஆட்டம் இருக்கலாம். இறக்கை சுவரில் உரசவே கூடாது. நிமிடத்துக்கு 1 லட்சம் முறைக்கு மேல் சுற்றும் பாகம் அது.

சீல் போனதாகத் தெரிந்தாலும் அதோடு நிறுத்தக் கூடாது. டர்போவில் இருந்து ஆயில் திரும்பும் குழாய் அடைத்திருந்தால், புது டர்போவும் கசியும்!

எப்போது ஓட்டக் கூடாது?

நீலப் புகை வந்து, டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவும் வேகமாக இறங்கினால் வண்டியை நிறுத்திடணும். தேங்கிய ஆயிலை டீசல் என்ஜின் உறிஞ்சினால் அதையே எரிபொருளாக்கி தாறுமாறாக வேகமெடுக்கும். பழைய வண்டிகளில் சாவியை அணைத்தாலும் நிக்காது. அப்படி ஆனால் டாப் கியர் போட்டு, பிரேக்கை முழுசா மிதித்தபடி கிளட்சை விட்டால் என்ஜின் அணையும். முடியாவிட்டால் இறங்கி விலகிடுங்க.

டர்போ மாற்றினாலும் இன்டர்கூலரைக் கழற்றி, உள்ளே தேங்கிய ஆயிலை முழுசா வடித்துவிட்டார்களா என்று மெக்கானிக்கிடம் கட்டாயம் கேளுங்க.