உரைநடையில் அருஞ்சொல்: பாவாணரின் சொல்வளக் கட்டுரையை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

செய்யுளில் அருஞ்சொல் பயின்றமைக்கு யாப்புத் தேவை ஒரு முதன்மைக் காரணம். அத்தேவை இல்லாத உரைநடையில் அருஞ்சொல்லுக்குரிய இடம் எது என்பதைச் சங்கரன்கோவிலில் பிறந்த ஞா. தேவநேயப் பாவாணரின் ‘தமிழ்ச்சொல் வளம்’ என்னும் கட்டுரையைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: அருஞ்சொல், திரிசொல், நிகண்டு, பாவாணர், கரிசல் வழக்கு, ஆய்வு நடை

முன்னுரை

‘மிக’ என்று எழுதப் போதுமான இடத்தில் ‘நனி’ என்றும், ‘எப்போதும்’ என்பதற்கு ‘எஞ்ஞான்றும்’ என்றும், ‘மலை’ என்பதற்கு ‘வெற்பு’ என்றும் எழுதுவது தமிழாய்வுக் கட்டுரைகளில் காணப்படும் ஒரு பழக்கம். வழக்கொழிந்த சொல் நடைக்கு மெருகூட்டும், எழுதுபவரின் பயிற்சியைப் புலப்படுத்தும் என்னும் எண்ணம் இதன் பின்னணியில் உள்ளது. அவ்வெண்ணம் முழுவதும் பிழையன்று. நாள்தோறும் புழங்கித் தேய்ந்த சொற்களாலேயே ஒரு கட்டுரை அமைந்தால் அது படிப்போர் மனத்தில் பதியாது. ஆயினும், ‘நனி’ என்னும் சொல்லால் ‘மிக’ என்பதைவிடக் கூடுதலாக ஒரு பொருள் கிடைக்கிறதா என்று கேட்டால், கிடைக்கவில்லை என்பதே விடை.

இவ்வினா தமிழுக்கு மட்டும் உரியதன்று. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் தம் கவிதையியலில், அயன்மையான சொல் நடையை உயர்த்தும் என்றும், அத்தகைய சொற்களாலேயே அமைந்த நடை விளங்காமற் போகும் என்றும் கருதினார். 16ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் இலத்தீன், கிரேக்கச் சொற்களை அள்ளிக் கொட்டி எழுதியோரைத் தாமஸ் வில்சன் 1553இல் வெளிவந்த தம் சொற்கலை நூலில் கடிந்தார். எழுதுவோரின் மைக்கூட்டிலிருந்து பிறந்தவை என்று பொருள்படும்படி அச்சொற்களை மைக்கொம்புச் சொற்கள் என ஏளனம் செய்தனர். அவற்றுட் பல மறைந்தன. சில நிலைத்துப் பொதுவழக்காயின. நிலைத்தவற்றுட் பல, ஆங்கிலத்தில் அதுவரை தனிப்பெயர் பெறாத கருத்துகளுக்குப் பெயராக அமைந்தவை.

இலக்கண நூலார் காட்டும் இடம்

தொல்காப்பியர் எச்சவியலில் இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்கைக் கூறி, அவற்றைச் செய்யுள் ஈட்டுதற்குரிய சொற்கள் என்கிறார். திரிசொல்லை ஒருபொருள் குறித்த பல சொல், பல பொருள் குறித்த ஒரு சொல் என இரண்டாகப் பகுக்கிறார். வெற்பு, விலங்கல், விண்டு ஆகிய மூன்றும் மலையைக் குறிப்பன என்பதும், எகினம் என்னும் ஒரு சொல் அன்னம், கவரிமா, நாய் முதலியவற்றைக் குறிப்பது என்பதும் உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டுகள். இங்குக் கருதத்தக்கது ‘செய்யுள்’ என்னும் வரையறை. அடியும் எதுகையும் மோனையும் கருதும் புலவனுக்கு மலைக்கு ஒரு பெயர் போதாது. வகரமோனை வேண்டுமிடத்தில் ‘வெற்பு’ உதவும், ‘மலை’ உதவாது.

நிகண்டுகள் இத்தேவையை நிறைவேற்றிய கருவிகள். திவாகரமும் பிங்கலந்தையும் சூடாமணி நிகண்டும் மனப்பாடம் செய்தற்கு ஏற்றவாறு செய்யுளிலேயே அமைந்தன. வீரமாமுனிவர் 1732இல் இயற்றிய சதுரகராதியின் நான்கு பகுதிகள் பெயர், பொருள், தொகை, தொடை என்பன. அவற்றுள் தொடையகராதி எதுகைக்குரிய சொற்களை நிரல்படுத்துவது. அகராதி ஒன்றின் நான்கு பகுதிகளுள் ஒன்று தொடைக்கென்றே ஒதுக்கப்பட்டமை, ஒருபொருட் பன்மொழியின் பயன் எங்கிருந்தது என்பதற்கு நல்ல சான்று. எதுகையை நோக்கி எழுதாத ஆய்வாளர் அப்பன்மொழியைக் கையாளும்போது கருவி மட்டும் எஞ்சுகிறது. அதற்குரிய வேலை இல்லை.

பல பொருள் குறித்த ஒரு சொல் உரைநடையில் இன்னும் இடர் தருவது. ‘கடி’ என்னும் உரிச்சொல்லுக்குக் காப்பு, கூர்மை, விரைவு, அச்சம், புதுமை எனப் பல பொருள்களைத் தொல்காப்பியம் தருகிறது. சங்கச் செய்யுளைக் கற்றவர் இடம் நோக்கி அவற்றுள் ஒன்றைத் தெரிந்துகொள்வார். இன்றைய கட்டுரையொன்றில் ‘கடிநகர்’ என வந்தால், காவல் மிக்க நகர் எனக் கொள்வோரும் இருப்பர். நாய்க்கடியை நினைப்போரும் இருப்பர்.

அருஞ்சொல்லை விளக்கும் முறையையும் உரியியல் கூறுகிறது. பயிலாத சொல்லைப் பயின்ற சொல்லோடு சார்த்திப் பொருள் உணர்த்த வேண்டும். வெளிப்படையான சொல்லுக்கு விளக்கம் வேண்டா. அரும்பதவுரைகளின் நெறியும் இதுவே. உ.வே. சாமிநாதையர் 1892இல் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்தபோது அரும்பதவுரையையும் உடன் வெளியிட்டார். பழைய மரபில் அருஞ்சொல் உரையின் துணையோடு நடந்தது. இன்றைய ஆய்வு நடையில் அது துணையின்றி வருகிறது.

செய்யுளே இத்தேவையைத் தளர்த்திக்கொண்ட காலமும் வந்தது. எட்டயபுரத்துப் பாரதியார் 1912இல் வெளியிட்ட பாஞ்சாலி சபதத்தின் முன்னுரையில் எளிய சொல்லும் எளிய நடையும் எளிதில் அறியத்தக்க சந்தமும் கொண்ட காவியத்தை வேண்டினார். இருபதாம் நூற்றாண்டில் அருஞ்சொல்லைத் திரும்பக் கொணர்ந்தவர்களுள் முதன்மையான ஒருவர் அதே கரிசற் பகுதியில் பிறந்தவர் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

பாவாணரின் சொல்வளம்

தேவநேயப் பாவாணர் 1902 பிப்ரவரி 7ஆம் நாள் சங்கரன்கோவிலில் பிறந்தார். பள்ளிகளிலும் சேலம் கல்லூரியிலும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றிய அவர், 1974இல் செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் இயக்குநரானார், 1981இல் மறைந்தார். அகரமுதலியின் முதல் மடலம் 1985இல் வெளிவந்தது. வேர்ச்சொல் ஆய்வாளராகவே அவர் பெரிதும் அறியப்படுகிறார். மாணவர்க்குக் கட்டுரை எழுதக் கற்பிக்கும் ‘உயர்தரக் கட்டுரை இலக்கணம்’ என்னும் நூலையும் எழுதியவர் என்பது அவ்வளவாக நினைக்கப்படுவதில்லை.

அவருடைய ‘சொல்லாய்வுக் கட்டுரைகள்’ நூலில் உள்ள ‘தமிழ்ச்சொல் வளம்’ பயிர்களின் உறுப்புகளுக்கும் நிலைகளுக்கும் உரிய சொற்களைத் தொகுத்துக் காட்டுவது. நெல், கேழ்வரகு ஆகியவற்றின் அடி தாள். கீரை, வாழை ஆகியவற்றின் அடி தண்டு. கம்பு, சோளம் ஆகியவற்றின் அடி தட்டு அல்லது தட்டை. கரும்பின் அடி கழி. மூங்கிலின் அடி கழை. புளிக்கும் வேம்புக்கும் இலை. சோளத்துக்கும் கரும்புக்கும் தோகை. பனைக்கும் தென்னைக்கும் ஓலை. காய்ந்த இலை சருகு. காய்ந்த தாளும் தோகையும் சண்டு. மாவின் பிஞ்சு வடு. பலாவின் பிஞ்சு மூசு. எள்ளின் பிஞ்சு கவ்வை. வாழையின் பிஞ்சு கச்சல். பதராகிப் போன மிளகாய் சொண்டு.

இப்பட்டியலை நிகண்டோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். வெற்பும் விலங்கலும் விண்டும் ஒரே மலை. தட்டையும் கழியும் கழையும் ஒன்றல்ல. முன்னவை ஒன்றன் இடத்தில் மற்றொன்று நிற்கத்தக்கவை. பின்னவற்றை இடம் மாற்றினால் பொருளே பிழைபடும். ‘சோளக்கழி’ என்று எழுதுபவர் சோளத்தைப் பார்த்ததில்லை என்றே உழவர் கொள்வார். பாவாணர் தொகுத்தவை படிப்போர்க்கு அரியனவாகத் தோன்றலாம். அவை அருமையானவை அல்ல, நுண்மையானவை. அருமை என்பது சொல்லின் இயல்பன்று. படிப்பவருக்கும் அப்பொருளுக்கும் இடைப்பட்ட தொலைவு.

பட்டியல் முழுவதும் ஒரு தன்மையதன்று. பூவின் நிலைகளை அரும்பு, போது, மலர், வீ, செம்மல் என ஐந்தாகப் பாவாணர் தருகிறார். இவற்றுள் அரும்பும் மலரும் பேச்சில் வாழ்கின்றன. சங்கரன்கோவில் பூச்சந்தைக்கு மல்லிகை அரும்பாகவே வரவேண்டும். விரிந்துவிட்டால் விலை போகாது. ‘போது’ விரியத் தொடங்கும் நிலை. வணிகத்தில் பெரிதும் வேண்டப்படும் இவ்வேறுபாட்டைச் சுட்டும் சொல், இன்று இலக்கியத்தில் மட்டும் எஞ்சியுள்ளது. உதிர்ந்த பூவைக் குறிக்கும் ‘வீ’ ஓரெழுத்தாகையால் உரைநடையில் தனித்து நிற்க இயலாமல் தடுமாறும். ‘செம்மல்’ இன்னும் சிக்கலானது. வாடிய பூ என்னும் பொருளை இன்றைய வாசகர் நினைக்கமாட்டார், வ.உ. சிதம்பரனாரையே நினைப்பார். ஆகவே ‘போது’ மீட்கத்தக்கது, ‘செம்மல்’ அப்பொருளில் மீட்கத்தகாதது எனச் சொல்லுக்குச் சொல் தீர்மானிக்க வேண்டியுள்ளது.

பாவாணர் ‘அகராதி’ என்பதை விலக்கி ‘அகரமுதலி’ எனக் கொண்டது தனிச்சொல் தூய்மை பற்றியது. அக்கொள்கையை ஏற்பதும் மறுப்பதும் வேறு. சொல்லாக்க நோக்கில் ஒன்று தெளிவு: ‘அகரமுதலி’ புதிதாயினும் பொருள் தேட வேண்டாதது. அகரமும் முதலும் அறிந்தவர் அதனை அறிவர். பயிலாத சொல்லைப் பயின்ற சொல்லோடு சார்த்தும் உரியியல் நெறி இங்குச் சொல்லுக்குள்ளேயே அமைந்துவிட்டது.

பட்டியலிலிருந்து நடைக்கு

பாவாணர் தந்தது பட்டியல். பட்டியலில் உள்ள சொல் உரைநடைக்கு வந்துவிட்டதாகக் கொள்ள முடியாது. அவ்வேலையைச் செய்தவர் கோவில்பட்டியை அடுத்த இடைசெவலைச் சேர்ந்த கி. ராஜநாராயணன். அவர் 1982இல் கரிசல் வழக்குச் சொற்களுக்கு அகராதி வெளியிட்டார். 1991இல் ‘கோபல்லபுரத்து மக்கள்’ புதினத்துக்குச் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். அவர் கதைகளில் வரும் வட்டாரச் சொல்லுக்குச் சூழலே உரையாக நிற்கிறது. செயலும் பொருளும் கண்முன் நிகழ்வதால் அகராதியைப் புரட்டாமலே வாசகர் பொருளை உய்த்துணர்கிறார். அகராதி தனியே வேண்டப்பட்டது, சூழல் கைகொடாத எச்சத்துக்கே.

ஆய்வு நடையும் இதனைச் செய்யலாம். கரிசல் உழவர் வாழ்வைப் பற்றிய ஒரு கட்டுரையில் ‘அவ்வாண்டு மிளகாய் விளைச்சல் நனி குன்றியது’ என்று எழுதலாம். ‘அவ்வாண்டு காய்த்த மிளகாயில் பாதி பதராகிச் சொண்டாயிற்று’ என்றும் எழுதலாம். இரண்டிலும் ஓர் அருஞ்சொல் உள்ளது. முதல் தொடரில் அதனை நீக்கி ‘மிக’ என வைத்தால் எதுவும் குறையாது. இரண்டாவதில் ‘சொண்டு’ என்பதை நீக்கினால் காய் உருவாகியும் உள்ளீடின்றிப் போன இழப்பின் வகை மறைந்துவிடும். காய்க்கவே இல்லை என்றும் பொருள்படலாம். ‘பதராகி’ என்னும் பயின்ற சொல் அருகிலேயே நிற்பதால் அடிக்குறிப்பும் தேவைப்படவில்லை.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். ‘நனி’ போன்ற சொற்களை ஆய்வாளரும் கைவிட்டால் அவை எங்கே வாழும் என்பது அது. அவை செய்யுளிலும் உரையிலும் வகுப்பறையிலும் வாழ்கின்றன. ஆய்வுக் கட்டுரை அவற்றைக் காக்க வேண்டியதில்லை. காப்பு வேண்டுவன வேறு. கம்பும் சோளமும் பயிரிடும் பரப்புச் சுருங்கும்போது தட்டை, சண்டு, கவ்வை ஆகிய சொற்கள் அவற்றுக்குரிய பொருள்களோடு சேர்ந்தே விலகுகின்றன. நிகண்டில் பதிவு பெற்ற சொல்லுக்கு இல்லாத அழிவு இவற்றுக்கு உண்டு.

‘தமிழ்ச்சொல் வளம்’ கட்டுரையின் சுருக்கம் 2019 முதல் தமிழ்நாட்டரசின் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் இடம்பெற்றுள்ளது. சங்கரன்கோவிலைச் சுற்றியுள்ள சிற்றூர்ப் பள்ளிகளிலும் அது நடத்தப்படுகிறது. அங்கே மிளகாய் காயும் களத்துக்கு அருகில் வாழும் மாணவர், ‘சொண்டு’ என்பதைத் தேர்வுக்குரிய பொருள் கூறுகவாக மனப்பாடம் செய்கிறாரா, வீட்டில் கேட்ட சொல்லாக அடையாளம் காண்கிறாரா என்பது கள ஆய்வால் அறியத்தக்கது.