நாய்க்குட்டிக்கு முற்றம் பழக்குதல்

வீட்டுக்குப் புதிதாக ஒரு நாய்க்குட்டி வந்து சேரும் நாளில் எல்லோருக்கும் உற்சாகம். என்ன பெயர் வைப்பது, எங்கே படுக்க வைப்பது, பாலா சோறா என்று பேச்சு நடக்கிறது. மறுநாள் விடியற்காலையில் கூடத்தில் ஒருவருக்குக் கால் வழுக்கியவுடன் அந்த உற்சாகம் பாதியாகிவிடுகிறது. மூன்றாம் வாரத்தில், "இந்தப் பிராணி நமக்குச் சரிப்படாது; எங்காவது கொண்டுபோய் விட்டுவிடலாம்" என்ற பேச்சு எழுகிறது. நாய் வளர்ப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியவை பல இருப்பினும், இந்த மூன்று வார காலத்தைப் பற்றியே இங்கு விரிவாகக் கூற விரும்புகிறோம். குட்டியின் வாழ்வு பெரும்பாலும் இதற்குள்ளேதான் தீர்மானமாகிறது.

திருவனந்தபுரத்தில் கரமனையில் நாங்கள் குடியிருக்கும் தெரு, சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளைக் கொண்டது. வாயிலில் தோட்டம் கிடையாது. திண்ணையை விட்டு இறங்கினால் தெருதான். வீடு பின்னோக்கி நீண்டு சென்று, கிணற்றடியிலும் சிறு கொல்லையிலும் முடிகிறது. காலையில் ஒவ்வொரு வாயிலிலும் கோலம் இருக்கும். எங்கள் குட்டி வந்த நான்காம் நாள், வாயிற்கதவு திறந்திருந்த நேரம் பார்த்து ஓடிச் சென்று எதிர்வீட்டுக் கோலத்தின் நட்டநடுவில் தன் காரியத்தை முடித்துக்கொண்டது. எதிர்வீட்டு மாமி பொல்லாதவர் அல்லர். ஆயினும் அன்று அவர் சொன்ன இரண்டு வார்த்தைகள் இன்றும் எங்கள் காதில் நிற்கின்றன. அவர் மீது குற்றமில்லை. அரை மணி நேரம் குனிந்து இட்ட கோலம் அது.

அன்று நாங்கள் செய்ததே பெரிய பிழை. குட்டியின் கழுத்தைப் பிடித்து, ஈரத்தில் அதன் மூக்கைத் தேய்த்து, சுருட்டிய செய்தித்தாளால் இரண்டு அடி கொடுத்தோம். நம் ஊர்களில் பரம்பரையாகச் சொல்லப்படும் வைத்தியம் இதுதான். பலன் என்னவாயிற்று? குட்டி அதன்பின் எங்கள் கண்ணெதிரே சிறுநீர் கழிப்பதில்லை. கட்டிலுக்கு அடியிலும் அரிசி டிரம்மின் பின்னாலும் ஒளிந்து கழிக்கலாயிற்று. கொல்லைக்கு அழைத்துச் சென்றாலும் நாங்கள் அருகில் நிற்கும் வரையில் ஒன்றும் செய்யாது. உள்ளே வந்து நாங்கள் முகத்தைத் திருப்பியவுடன் முடித்துவிடும். நாங்கள் கற்பித்ததாக நினைத்தது, 'வீட்டுக்குள்ளே செய்யாதே' என்னும் பாடம். அது கற்றுக்கொண்டதோ, 'மனிதர் பார்க்கும்போது செய்யாதே' என்பது. ஒரு செயல் முடிந்து சில விநாடிகள் கடந்துவிட்டால், பின்னர் வரும் தண்டனையை அச்செயலோடு சேர்த்துப் பார்க்கும் திறன் நாய்க்கு இல்லை. தண்டிப்பவரின் முகமும் கையுமே அதன் நினைவில் நிற்கும். சில குட்டிகள் அதட்டிய மாத்திரத்தில் நின்ற இடத்திலேயே சிறுநீரை விட்டுவிடும். அது பிடிவாதமன்று. பெரியவர் முன் பணிவு காட்டும் நாய்க்குலத்தின் இயல்பு அது. அதற்காக மேலும் அடித்தால் மேலும் விடும்.

விட்டுவிடலாம் என்ற பேச்சு எங்கள் வீட்டிலும் எழுந்தது. எங்கே விடுவது? சாலைக் கடைத்தெருவின் ஓரத்திலா, கிள்ளியாற்றின் கரையிலா? தெருநாய்ப் பிரச்சினை இந்நகரத்தில் விளையாட்டன்று. 2016ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இம்மாவட்டத்தைச் சேர்ந்த புல்லுவிளைக் கடற்கரையில் மூதாட்டி ஒருவர் தெருநாய்களால் கடியுண்டு மாண்டார். கேரளத்தில் நாய்க்கடிக்கு ஆளானோரின் இழப்பீட்டை ஆராய நீதிபதி சிரிஜகன் தலைமையில் உச்சநீதிமன்றம் குழு அமைத்ததும் அவ்வாண்டில்தான். தெருவில் திரியும் நாய்களில் சில, ஒரு காலத்தில் யாரோ ஒருவர் வீட்டில் பெயர் சூட்டி வளர்த்தவை. கூடத்தை நனைத்த குற்றத்துக்காக வெளியேற்றப்பட்ட குட்டி, தடுப்பூசியின்றி வளர்ந்து, ஓராண்டுக்குள் தானும் குட்டிகளை ஈனும். எனவே விடுவதில்லை என்று முடிவு செய்தோம். விடாமல் இருப்பதென்றால் பழக்கியாக வேண்டும்.

பழக்குவதற்கு முன் குட்டியின் உடம்பைப் புரிந்துகொள்ளுதல் அவசியம். பிறந்த முதல் வாரங்களில் குட்டி தானாகச் சிறுநீர் கழிப்பதில்லை. தாய் நாவினால் நக்கித் தூண்டிய பின்னரே கழிக்கும், தாயே அதனைச் சுத்தமும் செய்துவிடும். ஏறக்குறைய மூன்றாம் வாரத்தில் குட்டி தள்ளாடி எழுந்து, படுக்கும் இடத்தை விட்டுச் சற்று விலகிப் போய்க் கழிக்கத் தொடங்குகிறது. அமெரிக்காவில் பார் ஹார்பர் என்னும் ஊரிலுள்ள ஜாக்சன் ஆய்வுக்கூடத்தில் ஸ்காட், புல்லர் என்னும் இரு விஞ்ஞானிகள் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை வளர்த்துக் கவனித்து 1965இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். எட்டு ஒன்பது வாரம் ஆகும்போது குட்டிகள் குறிப்பிட்ட ஓர் இடத்தைத் தேர்ந்து அங்கேயே செல்லத் தலைப்படுகின்றன என்பது அவர்கள் கண்டவற்றுள் ஒன்று. ஆக, தூய்மை என்பது நாம் அதற்குப் புகட்ட வேண்டிய புதுமையன்று. அதனிடம் ஏற்கெனவே உள்ள குணம். எந்த இடம் என்பதை மாத்திரம் நாம் காட்ட வேண்டும். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டிகளை விற்றலாகாது என்று 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க விதிகள் கூறுவதும் இங்கே நினைவுகூரத் தக்கது. அந்த வயதுக்கு முன் தாயைப் பிரிந்த குட்டியும், கடையில் தன் கழிவின் மேலேயே படுத்துக் கிடந்த குட்டியும் இந்த இயல்பைப் பாதி இழந்தே நம்மிடம் வருகின்றன. அவற்றுக்கு இரட்டிப்புப் பொறுமை வேண்டும்.

அடுத்தது நேரம். குட்டியின் சிறுநீர்ப்பை சிறிது. அதனை அடக்கும் தசைகள் நான்கு, ஆறு மாதங்கள் வரையில் முழு வலிமை பெறுவதில்லை. வயது எத்தனை மாதமோ அதனோடு ஒன்று கூட்டினால் வரும் மணி நேரமே பகலில் அது தாங்கக்கூடிய எல்லை என்று ஒரு தோராயக் கணக்குச் சொல்வார்கள். இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி. உண்மையில் விழித்திருந்து விளையாடும் குட்டிக்கு அதுவும் மிகை. தூங்கி எழுந்தவுடன், உண்ட பின் ஐந்து நிமிடத்திலிருந்து அரைமணிக்குள், விளையாட்டு முடிந்தவுடன், இரவு விளக்கணைப்பதற்கு முன் ஆகிய வேளைகளில் தவறாமல் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு நடக்க வேண்டும். நடுவில் ஒருமுறை இரவிலும் எழுந்திருக்கத்தான் வேண்டும். கைக்குழந்தை வளர்த்த வீட்டாருக்கு இது புதிதன்று. சோற்றை நாள் முழுதும் தட்டில் வைத்திராமல் நேரம் வகுத்துக் கொடுத்தால், வெளியேறும் நேரமும் தானே வகுபட்டுவிடும். தண்ணீரை மாத்திரம் குறைக்கலாகாது. இந்த ஊர்ப் புழுக்கத்தில் அது கொடுமை.

குட்டியும் அறிவிப்புக் கொடுக்காமல் இருப்பதில்லை. விளையாட்டைச் சட்டென்று நிறுத்தும், தரையை முகரும், ஒரே இடத்தில் வட்டமிடும், பின்னங்கால்களைத் தாழ்த்தும். இந்த நான்காவது நிலைக்கு முன் நாம் எழுந்துவிட்டால் வெற்றி. கொல்லையில் தினமும் ஒரே மூலைக்கே கொண்டுபோக வேண்டும். முந்தைய வாசனை அதற்கு வழிகாட்டும். முடிக்கும் வரை பேசாமல் நின்று, முடித்த அந்தக் கணத்திலேயே பாராட்டி, கையில் தயாராக வைத்திருக்கும் ஒரு துண்டு வேகவைத்த முட்டையையோ கோழிக்கறியையோ கொடுக்க வேண்டும். வீட்டுக்குள் திரும்பி வந்து கொடுத்தால், வீட்டுக்குள் வந்ததற்காகக் கிடைத்த பரிசு என்றே அது எண்ணும். முடித்தவுடன் உள்ளே அடைத்துவிடுவதும் தவறு. சற்று நேரம் வெளியே விளையாட விடாவிட்டால், காரியத்தைத் தாமதப்படுத்தினால் வெளியே நெடுநேரம் இருக்கலாம் என்று அது கணக்குப் போட்டுவிடும்.

இவ்வளவும் செய்தும் எங்களுக்கு இரண்டாம் வாரத்தில் முன்னேற்றம் இல்லை. காரணம் தெரிந்தபோது நாங்களே சிரித்தோம். நாங்கள் குட்டியிடம், "கொல்லைக்கு வா" என்போம். வேலைக்கு வரும் சேச்சி, "புறத்து போ" என்பார். பள்ளியிலிருந்து வரும் சிறுவன், "அவுட், அவுட்" என்று கைதட்டுவான். வெளிமாநிலத்தில் வாழும் தமிழர் வீடுகளில் மூன்று மொழிகள் புழங்குவது நமக்குப் பழகிப்போன சங்கதி. இரண்டு மாதக் குட்டிக்கு அது பழக்கமாகியிருக்க நியாயமில்லை. நாயின் காதுக்குச் சொல்லின் பொருள் தெரியாது, ஒலிதான் தெரியும். ஒலி ஒன்றாக இருந்தால்தான் செயலோடு சேரும். ஆகவே எல்லோரும் கூடி ஒரு சொல்லைத் தேர்ந்தோம்: "முற்றம்". தமிழில் அது வீட்டுக்குள் வானம் தெரியும் இடம். மலையாளத்தில் வீட்டைச் சூழ்ந்த வெளி. எங்கள் கொல்லை இரண்டும் அன்று. ஆயினும் எல்லோர் நாவிலும் ஒரே மாதிரி வரும் சொல் அது. அதைச் சொல்லி அழைக்கத் தொடங்கிய ஐந்தாறு நாளில், சொல்லைக் கேட்டவுடன் குட்டி பின்கட்டுக் கதவை நோக்கி ஓடலாயிற்று. (நாயை மலையாளிகள் 'பட்டி' என்பது கேட்டு, நெல்லையிலிருந்து வந்த எங்கள் பாட்டி, ஊர்ப்பெயரைச் சொல்லி நாயைத் திட்டுகிறார்களே என்று முதலில் வருந்தியது வேறு கதை.)

தரையைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய வீடுகளின் சிவப்பு ஆக்சைடு தரை நல்லது. இடுக்கு இல்லை, துடைத்தால் போய்விடும். கோரைப்பாயும் தேங்காய்நார் மிதியடியும் வாசனையைப் பிடித்துக்கொள்ளும். பழகும் வரை சுருட்டி வைப்பது மேல். ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்து, சோப்புத் தண்ணீரால் கழுவி, பின்னர் நீர் கலந்த காடியால் துடைக்கலாம். அமோனியா கலந்த திரவங்கள் கூடாது. சிறுநீரிலும் அதே வாசனை இருப்பதால் குட்டி அவ்விடத்தைக் கழிப்பிடமென்றே கொள்ளும். பினாயில் மணம் நமக்குச் சுத்தமாகத் தோன்றலாம். காலை நக்கும் குட்டியின் வயிற்றுக்கு அது ஆகாது.

பெரிய சோதனை மழை. இடவப்பாதியிலும் துலாவர்ஷத்திலும் ஆக ஆண்டுக்கு இருமுறை பருவமழை பெறும் ஊர் இது. எங்கள் குட்டி வந்தது வைகாசிக் கடைசியில். பழகத் தொடங்கிய வேளையில் மழையும் தொடங்கிற்று. ஈரத் தரையில் கால் வைக்க மறுத்துக் கதவோரத்தில் நின்று நடுங்கும். நனையவும் விடலாகாது. தேங்கிய நீரில் எலியின் சிறுநீர் கலந்திருந்தால் எலிக்காய்ச்சல் வரும். 2018ஆம் ஆண்டு வெள்ளத்துக்குப் பின் கேரளத்தில் அந்நோய் பரவியது பலருக்கு நினைவிருக்கும். அது மனிதருக்கும் நாய்க்கும் பொதுவான நோய். நாயின் சிறுநீர் வழியாக நமக்கும் வரக்கூடும். ஆகையால் துடைக்கும்போது கையுறை வேண்டும். அதற்கான தடுப்பூசி நாய்களுக்கு உண்டு. மழைக்கு நாங்கள் கண்ட வழி, பின்கட்டுச் சார்ப்பின் கீழ் அகலமான பழைய தட்டில் மணல் பரப்பி, குட்டி ஏற்கெனவே நனைத்த காகிதத் துண்டொன்றை அதில் புதைத்து வைத்ததுதான். இரண்டு நாளில் இடம் புரிந்துகொண்டது. மழை விட்டபின் தட்டை நாளுக்கு ஓரடி வீதம் கொல்லை மூலைக்கு நகர்த்தினோம்.

மும்பையிலும் தில்லியிலும் அடுக்குமாடிகளில் வாழும் அன்பர்கள், கொல்லைக்கு எங்கே போவது என்று கேட்கலாம். மணல் தட்டோ புல்தட்டோ பால்கனியில் வைத்து இதே முறையைக் கையாளலாம். தடுப்பூசிகள் முடியும் வரை அதுவே உகந்ததும்கூட. ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறையாகப் பதினாறு வாரம் வரை போட வேண்டிய ஊசிகள் நிறைவேறுமுன், பிற நாய்கள் நடமாடும் தெருவில் குட்டியை இறக்கிவிட்டால் பார்வோ என்னும் கொடிய வயிற்றுப்போக்கு தொற்றக்கூடும். மூன்றாம் மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி. மாநகராட்சியின் உரிமம் பெறுவதற்கும் இவ்வூரில் அந்தச் சான்று வேண்டும். நன்றாகப் பழகிய குட்டி திடீரென்று அடிக்கடி சிறுநீர் கழித்தாலோ, கழிக்கும்போது முனகினாலோ அது பிழையன்று, நோய். கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

எங்கள் குட்டிக்கு ஐந்தாம் மாதம் பிறந்தபோது வீட்டுக்குள் பிழை நேர்வது நின்றுவிட்டது. நடுவே இருமுறை, விருந்தினர் வந்த அமளியில், தவறியதுண்டு. அவை எங்கள் கவனக்குறைவு. எதிர்வீட்டு மாமி முன்போலவே கோலமிடுகிறார். சென்ற ஐப்பசியில் ஒருநாள் பெருமழை கொட்டிய இரவில், பின்கதவைப் பிறாண்டும் ஓசை கேட்டு எழுந்தோம். கதவைத் திறந்தால் குட்டி வெளியே எட்டிப் பார்த்து, மழையைக் கண்டு பின்வாங்கி, எங்கள் முகத்தைப் பார்த்தது. குடையை விரித்துப் பிடித்து, "முற்றம்" என்றோம். குடைக்குள்ளேயே நடந்து வந்தது.