என் இடுப்பில் வந்த வட்டம், குழந்தைக்கும் வந்தது!

போன வருஷம் சித்திரை மாதம். எங்கள் திட்டக்குடி வெயிலைப் பற்றிக் கேட்கவா வேண்டும்? வெள்ளாற்றில் மணல்தான் தெரியும். பாவாடை நாடா கட்டும் இடத்தில் எனக்கு ஒரே அரிப்பு. பார்த்தால், ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குச் சிவப்பாக ஒரு வட்டம்.

"படர்தாமரைதான். இந்த ட்யூபைப் போடுங்கக்கா, ரெண்டே நாள்ல போயிடும்" என்றாள் பக்கத்து வீட்டுப் பெண். மருந்துக் கடையில் சீட்டே கேட்கவில்லை. சொன்னபடியே அரிப்பு நின்றது. தடவுவதை நிறுத்தினேன், முன்னைவிட அகலமாக வந்தது! மறுபடி ட்யூப், மறுபடி வட்டம். இப்படியே மூன்று மாதம்.

ஒரு நாள் என் ஒன்றரை வயதுப் பெண்ணைக் குளிப்பாட்டும்போது திக்கென்றது. அவள் தொடையின் உள்பக்கத்திலும் அதே வட்டம். இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்ளும்போது என்மேல் படும் அதே இடம்! அன்றிரவு எனக்குத் தூக்கமே இல்லை.

மறுநாளே விருத்தாசலம் வழியாகக் கடலூருக்கு பஸ் ஏறினோம். தோல் டாக்டரம்மா ட்யூபை வாங்கிப் பார்த்தார். "ஏம்மா, இதுல ஸ்டீராய்டு கலந்திருக்கு. அரிப்பை அடக்கும், கூடவே தோலோட எதிர்ப்புச் சக்தியையும் அடக்கிடும். காளானுக்கு நீங்களே பாய் விரிச்சுக் கொடுத்திருக்கீங்க!" என்றார்.

ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-லேயே உத்தரவு போட்டுவிட்டது. மருந்துக்கு எளிதில் மசியாத ஒரு காளானும் நம் நாட்டில் பரவியிருக்கிறது. 2020-இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் அதற்கு வைத்த பெயரிலேயே இந்தியா இருக்கிறது: ட்ரைக்கோஃபைட்டான் இண்டோடினியே. பெருமைப்படுகிற விஷயமா இது?

"நானோ ஜெல்னு ஏதோ வந்திருக்காமே டாக்டர், அதைக் கொடுங்களேன்" என்றேன்.

அவர் பொறுமையாக விளக்கினார். தோலின் மேலடுக்கு, ஓடு வேய்ந்த கூரை மாதிரி. ஓடுகளுக்கு நடுவே கொழுப்புப் பூச்சு. காளான் குடியிருப்பது அந்த ஓட்டில்தான். தண்ணீரில் கரையாத சில மருந்துகள் அதற்குள் இறங்குவது கஷ்டம். அதனால் மருந்தை மிக நுண்ணிய கொழுப்புக் குமிழிகளில் அடைத்து ஜெல்லில் கலக்கிறார்கள். கொழுப்போடு கொழுப்பு சேரும். மருந்து அங்கேயே தங்கி வேலை செய்யும். ஒரு தலைமுடியின் குறுக்கே அந்தக் குமிழிகள் பல நூறு வரிசையாக நிற்கலாம்!

ஆம்ஃபோடெரிசின் என்ற பழைய மருந்தை ஊசியாகப் போட்டால் சிறுநீரகத்தைப் பாதிக்கும். அதைக் கொழுப்புக் குமிழியில் அடைத்து நம் நாட்டிலேயே தயாரிக்க வழி செய்தவர்களில் ஒருவர் பி.கே. பச்சாவத். நம் வேலூர் சி.எம்.சி.யில் பல வருஷம் பணியாற்றிய விஞ்ஞானி. அந்த மருந்து இப்போது ஜெல்லாகவும் கிடைக்கிறது.

"ஆனா எந்த ஜெல்லும் மந்திரம் இல்லேம்மா. எல்லாருக்கும் அது தேவையுமில்லே" என்று சாதாரணக் களிம்புதான் எழுதினார். எனக்கு மட்டும் கூடவே மாத்திரை. பிறகு சொன்னவை இவை:

* வட்டத்தைத் தாண்டிச் சுற்றிலும் இரண்டு சென்டிமீட்டர் தடவ வேண்டும்.

* வட்டம் மறைந்த பிறகும் இரண்டு வாரம் விடக் கூடாது.

* துண்டும் சோப்பும் ஆளுக்குத் தனி. உள்ளாடைகளை வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்த வேண்டும்.

* வீட்டில் யாருக்கெல்லாம் இருக்கிறதோ, எல்லோருக்கும் ஒரே சமயத்தில் வைத்தியம்.

கடைசியாகச் சொன்னதைக் கேட்டதும் என்னவர் மெதுவாக, "எனக்கும் இருக்கு" என்றாரே பார்க்கலாம்! வெட்கப்பட்டு இத்தனை நாள் மறைத்திருக்கிறார்.

குழந்தைக்கு ஒரு மாதத்தில் குணமாயிற்று. எனக்கு மூன்று மாதம் பிடித்தது. சகோதரிகளே, அரிப்பு வந்தால் வெட்கம் வேண்டாம். பக்கத்து வீட்டு ட்யூபும் வேண்டாம். நம் இடுப்பில்தானே குழந்தை உட்காருகிறது!