படகில் எத்தனை பேர் என்பது மட்டும் போதாது

லீவு விட்டால் கொடகவெல, இறக்குவானைத் தோட்டங்களிலிருந்து வேன் பிடித்து நயினாதீவுக்கும் நுவரெலியாவுக்கும் போய்வருவது வழக்கம். குறிகட்டுவானிலும் கிரகரி வாவியிலும் படகேறும்போது, ஆள் கூடிவிட்டதோ என்று மனசு அடித்துக்கொள்ளும். அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் ஏறியவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்பதையும் பார்க்கவேண்டும்.

2009 செப்டெம்பர் 30ஆம் திகதி, கேரளாவின் தேக்கடி ஏரியில் ‘ஜலகன்யகா’ என்ற இரண்டு தட்டுச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் மிருகங்களைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கமாகத் திரண்டதும் படகு சரிந்துவிட்டதாக அப்போது செய்திகள் வந்தன.

படகு சாயும்போது தாழ்ந்த பக்கம் கூடுதலாகத் தண்ணீருக்குள் இறங்கும். அந்தப் பக்கத்தைத் தண்ணீர் மேலே தள்ளுவதால் படகு நிமிரும். பாரம் தாழ்வாகவும் நடுவிலும் இருக்கும்வரை இது நடக்கும். மேல்தட்டில் ஆட்கள் எழுந்து நின்றால் பாரம் உயர்ந்துவிடும். சாயும் பக்கமே அவர்களும் நகர்ந்தால் படகு மீளாது. அடித்தட்டில் தேங்கிய தண்ணீரும் சாய்ந்த பக்கத்துக்கே ஓடிப் பாரம் சேர்க்கும்.

கவிழத் தொடங்கினால் ஆசனத்துக்கு அடியில் கிடக்கும் உயிர்காப்பு அங்கியைத் தேட நேரம் இருக்காது. ஏறும்போதே போட்டு, எல்லா வார்களையும் பூட்டவேண்டும். தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். காதுவரை வந்தால் அது தளர்வு. பெரியவர்களின் அங்கியைப் பிள்ளைக்குப் போட்டால் தண்ணீரில் தலைவழியே கழன்றுவிடும். அங்கிக்கு மேல் சால்வையோ முந்தானையோ சுற்றவேண்டாம்.

2023 மே 7ஆம் திகதி கேரளாவின் தானூரில் கவிழ்ந்து 22 பேரைப் பலிகொண்ட ‘அட்லாண்டிக்’ என்ற படகு, மீன்பிடிப் படகொன்றைச் சுற்றுலாவுக்கு மாற்றிக் கட்டியது. அளவுக்கு மீறி ஆளேற்றி, இருட்டும் நேரத்தில் புறப்பட்டது. பெயின்ட் அடித்துக் கதிரை போட்டதும் படகு பயணிகளுக்கு ஏற்றதாகிவிடாது.

படகோட்டியை மட்டும் குறை சொல்லவும் முடியாது. “எல்லாம் ஒரே குடும்பம், ஒரே படகில் போடுங்க தம்பி” என்று வற்புறுத்துவது பல இடங்களில் நாம்தான். அனுமதித்த ஆள் எண்ணிக்கையைக் கேளுங்கள். ஆளுக்கொரு அங்கி இல்லையென்றால் ஏறாதீர்கள். வேனில் வந்தவர்கள் இரண்டு படகாகப் பிரிந்து போனால் செலவு கொஞ்சம் கூடும். அதை வேன் வாடகையோடு சேர்த்தே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.