அடுப்படிச் சுவரில் டைல் ஏன் விழுந்தது?

தூத்துக்குடியில் கடற்கரையை அடுத்து எங்கள் வீடு இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன், ஒரு கோடை விடுமுறையில், அடுப்பு மேடைக்கு மேலுள்ள சுவரில் நானே டைல் பதித்தேன். இயற்பியல் கற்பிப்பவனுக்கு இது என்ன பெரிய வேலை என்ற நினைப்பு! கலவைக்கு மணல் போதவில்லை. வீட்டின் பின்புறம் கிடந்த கடற்கரை மணலில் இரண்டு சட்டி அள்ளிச் சேர்த்துக்கொண்டேன்.

இரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு நாள் இரவு 'டமார்' என்று ஓசை கேட்டது. இரண்டு டைல்கள் அடுப்பின்மீது விழுந்து நொறுங்கிக் கிடந்தன. அப்போது அங்கே யாரும் நிற்காதது எங்கள் நல்ல காலம்.

உடைந்த துண்டுகளைத் திருப்பிப் பார்த்தேன். ஒன்றின் முதுகில் சிமெண்டு சிறிதும் ஒட்டவில்லை. கடையில் வாங்கியபோது இருந்ததைப் போலவே சுத்தமாக இருந்தது. மற்றொன்றின் முதுகில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. இந்த இரண்டு தடயங்களும் சொல்லும் கதையைப் பார்ப்போமா?

முதல் தடயம், நீர். சிமெண்டு காய்ந்து இறுகுவதாகப் பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது நீருடன் வேதிவினை புரிந்தே இறுகுகிறது. இதை நீரேற்றம் என்பர். இவ்வினை முழுமை பெற, சிமெண்டு தன் எடையில் ஏறத்தாழ கால் பங்கு நீரைக் கட்டிக்கொள்ள வேண்டும். டைலின் முகத்தில் கண்ணாடி போன்ற பூச்சு உண்டு. முதுகிலோ எண்ணற்ற நுண்துளைகள் உண்டு. உலர்ந்த டைலை அப்படியே பதித்தால், இத்துளைகள் விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோலக் கலவையின் நீரை உறிஞ்சிவிடும். நீர் போனபின் சிமெண்டு வெறும் பொடியாக நின்றுவிடும்.

எவ்வளவு நீரை உறிஞ்சும்? நீங்களே அளக்கலாம். மிஞ்சிய டைல் ஒன்றை எடை போட்டு, ஒரு நாள் நீரில் ஊறவைத்து, துடைத்து மீண்டும் எடை போடுங்கள். என்னிடமிருந்த டைல் முதலில் 700 கிராம், ஊறியபின் 798 கிராம். குடித்த நீர் 98 கிராம். அதாவது 14 விழுக்காடு. ஏறக்குறைய அரை டம்ளர் நீர்! ஆகவேதான் கொத்தனார்கள் சுவர் டைலை முதலில் தண்ணீர்த் தொட்டியில் போடுகிறார்கள். குமிழிகள் வருவது நின்றபின் எடுத்து, மேலே நீர் வழியாத அளவுக்கு வடியவிட்டுப் பதிக்கிறார்கள்.

விட்ரிஃபைடு டைலின் கதை வேறு. அது உறிஞ்சுவது 0.5 விழுக்காட்டுக்கும் குறைவு. சிமெண்டு அதன் துளைகளில் வேர்விட இயலாது. அதற்கென விற்கும் பசைக் கலவையே ஏற்றது. பையில் அச்சிட்டுள்ள முறைப்படி அதைப் பயன்படுத்த வேண்டும்.

இரண்டாவது தடயம், உப்பு. காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் சோற்றுப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். மழைக்காலத்தில் உப்புக் கிண்ணம் நசநசப்பதைக் கண்டிருப்பீர்கள். கடல் மணலில் ஒட்டியுள்ள உப்பும் சுவருக்குள் இப்படியே கரைகிறது. நுண்புழைகள் வழியே நகர்ந்து டைலின் முதுகை அடைகிறது. காற்று உலர்ந்ததும் அங்கே மீண்டும் படிகமாகிறது. இடுக்கில் வளரும் படிகம் சுற்றிலும் நெருக்கித் தள்ளும். ஈரமும் உலர்வும் மாறி மாறி வர, ஒட்டிய டைலும் மெல்ல மெல்லக் கழன்றுவிடும்.

மணலில் உப்பு உண்டா என்று பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியர் முன்னிலையில் சோதிக்கலாம். இரண்டு கரண்டி மணலைக் காய்ச்சி வடித்த நீரில் குலுக்கி வடிகட்டுங்கள். அதில் சில துளி நீர்த்த நைட்ரிக் அமிலமும், பிறகு வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலும் விடுங்கள். தயிர் போன்ற வெண்ணிற வீழ்படிவு தோன்றினால் குளோரைடு உள்ளது என்று பொருள். குழாய் நீரில் இதைச் செய்யாதீர்கள். அதிலேயே குளோரைடு இருக்கும்!

மறுமுறை பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஒழுங்காகச் செய்தேன். பக்கத்துச் சுவிட்சுகளுக்கு வரும் மின்சாரத்தை நிறுத்தினேன். சிமெண்டு தோலை அரிக்கும் காரத்தன்மை உடையது. ஆகவே கையுறை அணிந்தேன். உப்பேறிய பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, உப்பற்ற மணலும் குடிநீரும் கொண்டு புதிதாகப் பூசினேன். அது நன்கு இறுகியபின் சொரசொரப்பாக்கி நனைத்தேன். ஒளி ஊடுருவும் குழாயில் நீர் நிரப்பி மட்டம் பார்த்தேன். குழாயின் இரு முனைகளிலும் நீர் ஒரே உயரத்தில் நிற்கும் என்பது உங்கள் பாடத்தில் உள்ளதுதானே? அம்மட்டத்தில் கோடு போட்டு, கீழ்வரிசையிலிருந்து பதித்தேன்.

டைல்களுக்கிடையே தீக்குச்சிப் பருமன் இடைவெளி விட்டேன். ஏனெனில் 2 மீட்டர் நீள வரிசை 30 டிகிரி செல்சியஸ் சூடேறினால் ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர் நீளும். இடமில்லாவிட்டால் டைல்கள் ஒன்றையொன்று நெருக்கிப் புடைத்தெழும். மறுநாள் இடைவெளிகளை அடைத்தேன். சில நாட்களுக்குப் பிறகு ஒவ்வொரு டைலையும் நாணயத்தால் தட்டிப் பார்த்தேன். பின்னால் வெற்றிடம் இருந்தால் ஓசை 'டொக்' என்று வேறுபடும். நீங்களும் இன்றே உங்கள் வீட்டு அடுப்படியில் தட்டிப் பாருங்கள்!

எங்கள் ஊர்க் கடலில் 1961 வரை முத்துக்குளிப்பு நடந்தது. அந்த முத்துச் சிப்பியும் ஒரு கொத்தனார்தான். அதன் உட்புற மினுமினுப்பு, ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு தடிமனுள்ள கால்சியம் கார்பனேட் சில்லுகளை அடுக்கிக் கட்டியது. சுண்ணாம்புக் கல்லும் அதே பொருள்தான். ஆனால் அது எளிதில் உடைகிறது. சிப்பியோ எளிதில் உடைவதில்லை. சில்லுகளுக்கிடையே அது பூசும் மெல்லிய புரதப் பசையே இந்த வலிமையின் முக்கியக் காரணம்.

டைலின் முகத்தைத்தான் நாம் விலை கொடுத்து வாங்குகிறோம். அதைச் சுவரில் நிறுத்துவதோ, கண்ணுக்குத் தெரியாத அதன் முதுகு!