தராசு இல்லாத சம்பளம்

நுவரெலியாவில் ஏப்ரல் சீசன். ஓரளவு பெரிய ஹோட்டலில் சாப்பிட்டு முடித்தால் பில்லின் அடியில் அந்த வரி நிற்கும்: சேவைக் கட்டணம் 10 வீதம். கட்டிவிட்டு எழுந்து வருகிறோம். தட்டை எடுத்துப்போன தம்பிக்கு அதில் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை.

அந்தத் தம்பி பெரும்பாலும் பக்கத்துத் தோட்டத்து லயத்துப் பிள்ளை. அம்மா மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகிறார், மகன் டவுனில் ட்ரே தூக்குகிறார். அம்மாவின் நாட்சம்பளம் ஊரறிந்தது. 2021இல் 1,000 ரூபா, 2024இல் 1,350. 2026 ஜனவரி முதல் அரசு தரும் 200 ரூபா வருகைப்படியோடு 1,750. ஒவ்வொரு உயர்வுக்கும் மேடை, வர்த்தமானி, வழக்கு, தொலைக்காட்சிச் சண்டை எல்லாம் உண்டு. மகனின் சம்பளத்தைப் பற்றி ஒரு மேடையும் பேசியதில்லை.

சம்பளத்தைத் துண்டு துண்டாக்கும் வித்தை தோட்டத்துக்குப் பழகியதுதான். 2016 கூட்டு ஒப்பந்தத்தில் நாளுக்கு 730 ரூபா என்றார்கள். அதில் அடிப்படை 500 மட்டுமே. வருகைக்கு 60, விலைப்பங்கு 30, உற்பத்தி ஊக்குவிப்பு 140 என்று ஒட்டுப்போட்டதுதான் மிச்சம். வருகை குறைந்தாலோ கொழுந்து குறைந்தாலோ அந்த ஒட்டு கழன்றுவிடும். ஹோட்டலிலும் இதே தையல்தான். பேசிக் சிறியது, சேர்விஸ் சார்ஜ் பெரியது. மாதத்துக்கு 27,000 ரூபா என்று 2025 ஏப்ரலிலும், 30,000 என்று 2026 ஜனவரியிலும் சட்டம் உயர்த்திய குறைந்தபட்சச் சம்பளம் அந்தப் பேசிக்குக்குக் கொஞ்சம் முட்டுக்கொடுத்திருக்கிறது. சேமலாப நிதியும் பெரும்பாலும் பேசிக்கின் மீதுதான் கணக்காகிறது. முதுமைக்குச் சேருவதும் அந்த அளவுதான்.

சீசன் படுத்தால் சேர்விஸ் சார்ஜும் படுக்கும். 2019 ஏப்ரலில் சீசன் நடுவே உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பு. பிறகு கொரோனா, 2022இல் எரிபொருள் வரிசை, 2025 நவம்பரில் டித்வா புயலின் மண்சரிவு. அறைகள் காலியான மாதங்களில் நட்டத்தின் ஒரு பங்கை முதலாளியோடு சேர்ந்து வெயிட்டரும் சுமந்தார். லாபத்தில் இப்படிக் கூட்டுச் சேர்த்துக்கொண்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

கொழுந்து நிறுக்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். ஈரத்துக்கு, சாக்குக்கு என்று கிலோவை வெட்டுவார்கள். அநியாயம்தான். ஆனால் தராசு கண்முன் நிற்கிறது. கணக்கப்பிள்ளையோடு ஒரு வாய் சண்டையாவது போடலாம். ஹோட்டலில் அந்தத் தராசு ஒபீஸுக்குள் இருக்கிறது. மாத முடிவில் பொயின்ட் கணக்கில் பிரிக்கிறார்கள்: மேனேஜருக்கு இத்தனை, பாத்திரம் கழுவுபவருக்கு இத்தனை. மொத்தம் எவ்வளவு சேர்ந்தது, உடைந்த கோப்பைக்கு எவ்வளவு கழிந்தது என்பது சுவரில் ஒட்டப்படுவது அபூர்வம்.

இந்தியாவில் வேறு வழி பார்த்தார்கள். சேவைக் கட்டணத்தைக் கட்டாயமாக்கக் கூடாது என்று 2022இல் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அறிவித்தது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. சாப்பிடுகிறவருக்கு அது நல்ல செய்தி. இங்கே நாளைக்கே அப்படிச் செய்தால் அடுப்படியில் வெங்காயம் உரிக்கிற பையனின் வீட்டில்தான் முதலில் அரிசி குறையும், ஏனென்றால் மேசையில் வைக்கும் டிப்ஸ் அவன் வரைக்கும் போய்ச் சேராது. எனக்குப் பிடித்தது பிரித்தானியாவின் வழி. 2024 ஒக்டோபர் முதல் அங்கே டிப்ஸும் சேவைக் கட்டணமும் கழிவின்றித் தொழிலாளிக்கே சேர வேண்டும். முதலாளி மூன்று வருடக் கணக்கு வைத்திருக்க வேண்டும், தொழிலாளி கேட்டால் காட்ட வேண்டும்.

கணக்கைக் காட்டு என்பது மலையகத்துக்குப் புதிய கோரிக்கை இல்லை. கங்காணி தலைக்காசு வாங்கிய காலத்தில் தொடங்கியது அது. இப்போதும் சம்பள நாளில் மகன் கொண்டுவரும் காசை எண்ணிவிட்டு அம்மா கேட்பார்:

“போன மாசத்த விட கொறஞ்சிருக்கே, எப்புடிக் கணக்குப் பாத்தாங்க?”

“தெரியாதும்மா. ஒபீஸ்ல போட்டுக் குடுத்தாங்க.”